கேட்க ஆள் இருக்கிற வேலை மட்டும்தான் நடக்குது, முக்கியமானது அப்படியே கிடக்குது. உங்களுக்கும் இப்படித்தானா?

மெல்லநட (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இங்க பல துறைல இருக்கவங்க இருக்கீங்க, அதான் பொதுவா கேக்குறேன். காலைல உக்காந்தா மெயிலுக்கு பதில், மீட்டிங், யாரோ கேட்ட ஃபைல், நடுவுல போன், அதுக்குள்ள இன்னொரு மீட்டிங், இப்படியே பொழுது போயிடுது. சாயங்காலம் யாராவது "இன்னைக்கு என்ன பண்ண"ன்னு கேட்டா சொல்ல ஒண்ணும் கிடைக்கிறதில்ல. சும்மா உக்காந்திருந்தோமான்னா அதுவும் இல்ல, உடம்பு அசந்து போற அளவுக்கு வேலைதான். செஞ்ச எதுவும் நிக்கல, அவ்வளவுதான்.

யோசிச்சு யோசிச்சு எனக்கு ஒரு விஷயம் தெளிவாச்சு. ஒரு வேலைக்குப் பின்னாடி "என்னாச்சு"ன்னு கேக்க ஒரு ஆள் இருந்தா அது எப்படியாவது நடந்துடும். பதில் போடலன்னா ரெண்டாவது மெயில் வரும், மூணாவதுல மேனேஜரையும் சேத்துப் போட்டு வரும். ஆனா புதுசா சேர்ந்தவருக்கு உக்காந்து வேலை சொல்லிக் குடுக்கறது, அடிக்கடி படுத்துக்கிற ஒரு சிஸ்டத்தை அடியில இருந்து சரி பண்றது, எழுதணும்னு நெனச்சு வெச்சிருக்கிற ஒண்ணு, இதெல்லாம் இன்னைக்கு செய்யலன்னா ஒருத்தரும் போன் போட்டு கேக்க மாட்டாங்க. நாளைக்கும் கேக்க மாட்டாங்க. ஒரு வருஷம் போனப்புறம் அது இல்லாததோட விளைவு மட்டும் வந்து நிக்கும்.

2018ல மெங் ஜூ, யாங் யாங், கிறிஸ்டோபர் ஷீன்னு மூணு பேர் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ரெண்டு வேலை முன்னாடி வெச்சு ஒண்ண எடுக்கச் சொன்னாங்க. ஒண்ணுக்கு பலன் கம்மி, ஆனா சீக்கிரம் கெடு முடியுது. இன்னொண்ணுக்கு பலன் அதிகம், டைம் நிறைய இருக்கு. உழைப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். நிறைய பேர் பலன் கம்மியானதையே எடுத்தாங்க, கெடு இருக்குங்கற ஒரே காரணத்துக்காக. அதுலயும் "நான் எப்பவும் பிஸி"ன்னு நெனைக்கிறவங்கதான் இதுல அதிகமா விழுந்தாங்க. எடுக்கும்போதே பலனை ஞாபகப்படுத்தினா இது குறைஞ்சுதாம். அந்த கடைசி விஷயம்தான் எனக்கு நம்பிக்கையா பட்டுச்சு.

உங்க வேலைல இது எப்படி இருக்கு? நேர மேலாண்மை டிப்ஸ் வேணாம், அது எங்க பாத்தாலும் கிடைக்குது. உங்க கண்ணால பாத்தத சொல்லுங்க.

கணக்கேடு

நல்ல கேள்வி. நான் அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், மாசக் கடைசில எங்க டிபார்ட்மென்ட்ட பாத்தீங்கன்னா பெருசா ஏதோ நடக்கற மாதிரி இருக்கும்.

நான் பாத்த ஒண்ண சொல்றேன். ஒரு ரிப்போர்ட், பதினாலு நெடுவரிசை இருக்கிற எக்செல். மூணு இடத்துல இருந்து டேட்டா எடுத்து ஒட்டி, ஒரு நெடுவரிசைல தேதி தலைகீழா வரும் அத கையால மாத்தி, அப்புறம் கலர் போட்டு, நாலு பேருக்கு அனுப்பணும். ஒவ்வொரு மாசமும் ஒன்றரை நாள் அதுக்கே போகும். அதுல "மாறுதல் காரணம்"னு ஒரு நெடுவரிசை இருக்கு, அத நிரப்பத்தான் எல்லாருக்கும் போன் பண்ணி கெஞ்சணும். இத யார் பாக்கறாங்கன்னு தேடிப் போனா, முதல்ல கேட்டவரு வேற பிராஞ்ச் போய் ரொம்ப காலமாச்சு. அவர் இடத்துக்கு வந்தவரு "நீங்க அனுப்புறீங்க, முக்கியமா இருக்கும்னு ஃபோல்டர்ல போட்டு வெக்கிறேன்"னு சொன்னாரு. மீதி மூணு பேருக்கும் அவங்க ஏன் அந்த லிஸ்ட்ல இருக்காங்கன்னே தெரியல.

ஸோ மெல்லநட சொன்னதுல நான் ஒண்ணு சேப்பேன். கேக்க ஆள் இருக்குன்னு நாமளே நம்பிட்டு இருக்கிற வேலையும் நிறைய இருக்கு, உண்மைல அந்த ஆள் போயே போயிட்டாரு. இப்ப எங்க டீம்ல ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் "இத வெச்சு யார் என்ன முடிவு எடுக்கறாங்க"ன்னு ஒரு வரி எழுதறோம், எழுத முடியலன்னா வாங்குறவங்ககிட்ட சொல்லிட்டு நிறுத்திடறோம். சொல்லாம நிறுத்தக் கூடாது, சில ரிப்போர்ட் தணிக்கைக்கு மட்டும் தேவைப்படும், அது நமக்குத் தெரியாம இருக்கலாம்.

அந்த ஒன்றரை நாள்ல இப்ப வராத பணத்தை ஒவ்வொண்ணா பின்தொடர்ந்து பாக்க முடியுது. யாரும் கேக்காத வேலைதான் அது. ஆனா கம்பெனிக்கு மூச்சு அதுலதான் இருக்கு.

பழையபேனா

கணக்கேடு அம்மா எழுதினதைப் படிச்சதும் பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் ஞாபகம் வந்தார். 1955 நவம்பர்ல ஒரு பிரிட்டிஷ் வார இதழ்ல அவர் எழுதின கட்டுரைல இருந்துதான் "இருக்கிற நேரம் முழுக்க நிரம்பற அளவுக்கு வேலை விரியும்"ங்கற விதி வந்துச்சு. எல்லாரும் அந்த ஒரு வரியத்தான் சொல்றாங்க, அதுக்குக் கீழ அவர் குடுத்த கணக்குதான் முக்கியம்னு நான் சொல்லுவேன். பிரிட்டிஷ் கடற்படைல 1914ல பெரிய போர்க்கப்பல் 62 இருந்துச்சு, 1928ல 20. அதிகாரிகளும் மாலுமிகளும் 1,46,000ல இருந்து 1,00,000 ஆனாங்க. அதே காலத்துல தலைமை அலுவலகத்து நிர்வாக ஊழியர்கள் 2,000ல இருந்து 3,569 ஆனாங்க. கப்பல் மூணுல ஒரு பங்கா குறையுது, ஃபைல் பாக்கற ஆள் முக்கால் பங்குக்கு மேல கூடுறாங்க.

அந்த 3,569 பேரும் சோம்பேறின்னு அவர் சொல்லல. எல்லாரும் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நெசமாவே வேலை செஞ்சவங்க. ஒருத்தருக்கொருத்தர் வேலை உண்டாக்கிக் குடுத்துட்டாங்கங்கறதுதான் அவர் சொன்ன காரணம். ஒருத்தர் குறிப்பு எழுதுவாரு, அத இன்னொருத்தர் திருத்துவாரு, மூணாமவர் அதுக்கு விளக்கம் கேப்பாரு. பிஸியா இருக்கிறது பொய் இல்ல தம்பி, அதனாலதான் அத பிரிச்சுப் பாக்கறது இவ்வளவு கஷ்டமா இருக்கு.

இரவுப்பணி

நான் கொஞ்சம் மாறுபடுறேன். மன்னிக்கணும், நீளமா வரும்.

நான் நர்ஸ். எங்க வார்டுல பெல் அடிச்சா அதுதான் முக்கியம். அவசரம் வேற முக்கியம் வேறன்னு நீங்க பிரிக்கிறது ஆபீஸ்ல உக்காந்து வேலை செய்றவங்களுக்கு சரியா இருக்கலாம், எங்களுக்கு பல நேரம் ரெண்டும் ஒண்ணுதான். அமெரிக்க அதிபரா இருந்த ஐசனோவர் 1954ல பேசும்போது அவசரமானது முக்கியமா இருக்காது, முக்கியமானது அவசரமா இருக்காதுன்னு ஒரு கல்லூரித் தலைவர் சொன்னதா எடுத்துச் சொன்னாரு, பின்னாடி வந்தவங்க அத நாலு கட்டமா வரைஞ்சு விக்கிறாங்க. அந்த கட்டத்த எங்க ட்ரெயினிங்ல போட்டுக் காட்டினப்ப எங்க சீனியர் அக்கா எழுந்து "மூச்சுத் திணறல் எந்த கட்டத்துல வரும்"னு கேட்டாங்க.

ஆனா எங்க நேரத்த திங்கிறது பெல் இல்லீங்க. ஒரே பிபி ரீடிங்க சார்ட்ல எழுதி, கம்ப்யூட்டர்ல ஏத்தி, அப்புறம் ஹேண்ட்ஓவர் ஷீட்ல மறுபடி எழுதறோம் பாருங்க, அதுதான். இன்னொண்ணு குறுக்கீடு. மருந்து ட்ராலி முன்னாடி நின்னு அளவு பாத்துட்டு இருக்கும்போது ஒருத்தர் வந்து பெட் காலியான்னு கேப்பாரு. ஜோஹானா வெஸ்ட்புரூக் குழு ஆஸ்திரேலியாவுல ரெண்டு ஆஸ்பத்திரில 98 நர்ஸ்ங்க மருந்து குடுக்கறத நேர்ல பாத்து 2010ல வெளியிட்டாங்க, ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தப்பு சுமார் 12 சதவீதம் கூடுச்சு. இதுக்காக "தொந்தரவு செய்யாதீங்க"ன்னு எழுதின மேலங்கி போட்டுப் பாத்தாங்க, குறுக்கீடு கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா அது புழுக்கமா இருக்கு, போட்டுக் கழட்ட நேரமாகுதுன்னு நர்ஸ்ங்களே விரும்பல.

ஸோ எங்க கேள்வி வேற. வேலைய தேர்ந்தெடுக்கிற உரிமை எங்ககிட்ட இல்ல. செய்ற வேலைய முழுசா செய்ய விடுவாங்களாங்கறதுதான் கேள்வி.

மெல்லநட

@இரவுப்பணி அக்கா, நீளமா இருந்தாலும் பரவால்ல, இதுதான் வேணும். நீங்க சொன்னத ஏத்துக்கறேன், அவசரம்னாலே அற்பம்ங்கற மாதிரி நான் எழுதினது சரியா விழல. நெசமாவே உயிர் சம்பந்தப்பட்ட அவசரமும், யாரோ கெடு போட்டதால மட்டும் அவசரமானதும் வேற வேற. மூணு தடவ எழுதறீங்கன்னு சொன்னீங்களே, அத மாத்தறதுக்கு யாராவது உக்காந்தாங்களா? ஏன்னா அதுதான் கேக்க ஆளில்லாத வேலை. பெல்லுக்கு ஓட ஆள் இருக்கு, ஷீட்ட மாத்த ஆள் இல்ல.

இரவுப்பணி

உக்காரல. நீங்க சொல்றது புரியுது இப்ப. ஆளாளுக்கு புலம்புவோம், யார் பேர்லயும் அந்த வேலை இல்ல.

வரிசைஎண்

பின்னணில ஒரு கணக்கு இருக்கு, சொல்லிட்டுப் போறேன். நான் ஃபேக்டரில புரொடக்ஷன் பிளானிங் பாக்கறேன். எங்க ஆளுங்க மெஷின் ஒரு நிமிஷம் கூட சும்மா நிக்கக் கூடாதுன்னு நெனைப்பாங்க, மனுஷனையும் அதே கண்ணாலதான் பாப்பாங்க.

ஒரு ஆள், வேலை முன்பின்னா வருது, ஒவ்வொண்ணும் சராசரியா ஒரு மணி நேரம் எடுக்குது, ஆனா சிலது பத்து நிமிஷம் சிலது மூணு மணின்னு வெச்சுக்கங்க. வரிசைக் கோட்பாட்டோட சாதாரண மாடல்ல, அவர் நேரத்துல 80 சதவீதம் நிரம்பி இருந்தா புதுசா வர்ற வேலை சராசரியா 4 மணி நேரம் காத்திருக்கும். 90 சதவீதம்னா 9 மணி. 95ன்னா 19 மணி. ஆளோட திறமை மாறல, வேகம் மாறல, வெறும் நிரப்பினதுதான் மாறுச்சு. நூறு சதவீதம் பிஸின்னு ஒருத்தர் சொன்னா அவர்கிட்ட எது குடுத்தாலும் நேரத்துக்கு வராதுன்னு அர்த்தம், அது அவர் தப்பே இல்ல.

இன்னொண்ணு, ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்சது. கைல திறந்து வெச்சிருக்கிற வேலை எத்தனையோ அத வாரத்துக்கு முடியற எண்ணிக்கையால வகுத்தா ஒரு வேலை முடிய ஆகுற சராசரி காலம். வாரத்துக்கு 5 முடிக்கிறவர் 20 திறந்து வெச்சிருந்தா ஒவ்வொண்ணும் 4 வாரம். 10 மட்டும் திறந்து வெச்சா 2 வாரம். அதே மனுஷன், அதே உழைப்பு. எங்க ஃப்ளோர்ல புது ஆர்டர் ஆரம்பிக்கிறத கட்டுப்படுத்தினதும் முதல்ல எல்லாரும் கத்தினாங்க, ஆரம்பிச்சாச்சுன்னு கஸ்டமருக்கு சொல்ல முடியலன்னு. டெலிவரி சீக்கிரம் போக ஆரம்பிச்சதும் சத்தம் நின்னுச்சு.

சுருக்கமா

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்னு சும்மாவா சொன்னாங்க. வரிசைஎண் அண்ணே, அந்த 80, 90, 95 கணக்க எங்க டீம் குரூப்ல போடப் போறேன்.

ஆய்வறை

நான் பிஹெச்டி நாலாவது வருஷம். எங்க உலகத்துல மேனேஜர் இல்ல, மீட்டிங் கம்மி, நாள் முழுக்க நம்ம கைல. ஆனா இங்கயும் இதே கதை, இன்னும் மோசமா. கேக்க ஆளே இல்லன்னா மனசு தானா அவசரத்த உண்டாக்கிக்குது. மேற்கோள் பட்டியல ஒழுங்கு பண்றது, படத்தோட எழுத்துரு மாத்தறது, இன்னும் ஒரு பேப்பர் படிச்சிட்டு எழுதலாம்னு இறக்கி வெக்கிறது. எல்லாமே வேலைதான், எல்லாமே முடிஞ்சா டிக் போடலாம். மூணாவது அத்தியாயத்துல என் வாதம் நிக்குதா இல்லையாங்கறது மட்டும் டிக் போட முடியாத வேலை, அத தொட்டா வயித்துல ஒரு மாதிரி இருக்கும். அங்கதான் அர்த்தம் இருக்குங்கறதுக்கு அந்த வயித்து உணர்வே எனக்கு அடையாளம்.

இப்ப நானும் இன்னொரு ஆய்வாளரும் வாரா வாரம் வெள்ளிக்கிழமை ரெண்டு பக்கம் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பறோம். நல்லா இருக்கணும்னு இல்ல. அவங்க படிச்சிட்டு எங்க புரியல எங்க இழுத்துச்சுன்னு மட்டும் சொல்லுவாங்க. கேக்க ஆளில்லாத வேலைக்கு ஒரு ஆள வெச்சாச்சு.

சுருக்கமா

@ஆய்வறை அப்போ மறுபடியும் ஒருத்தர் கேக்குறதுக்காகத்தான வேலை நடக்குது? நமக்கா தோணி செய்றதுல இருக்கிற அர்த்தம் போயிடாதா? நெசமாவே கேக்குறேன்.

ஆய்வறை

நானும் இத யோசிச்சிருக்கேன். விரட்டுறவரும் வாங்கிக்கறவரும் ஒண்ணு இல்லன்னு நெனைக்கிறேன். டான் அரியலி, எமிர் கமெனிகா, டிராசென் பிரெலெக் மூணு பேரும் 2008ல வெளியிட்ட சோதனை ஒண்ணு இருக்கு. லெகோ துண்டுகள சேத்து பொம்மை பூட்டணும், ஒவ்வொண்ணுக்கும் காசு உண்டு, பூட்டப் பூட்ட காசு கொஞ்சம் கொஞ்சமா குறையும். ஒரு குழுவுக்கு முடிச்ச பொம்மைய எல்லாம் மேசை மேல வரிசையா வெச்சாங்க. இன்னொரு குழுவுக்கு, அவங்க அடுத்தத பூட்டிட்டு இருக்கும்போதே முந்தினத அவங்க கண் முன்னாடியே கழட்டினாங்க. காசு ரெண்டு பேருக்கும் ஒண்ணு. முதல் குழு சராசரியா 10.6 பொம்மை செஞ்சாங்க, ரெண்டாவது 7.2. பொம்மைய யாரும் பாராட்டல, கேக்கவும் இல்ல. செஞ்சது நிக்குதாங்கறது மட்டும்தான் வித்தியாசம். என் வெள்ளிக்கிழமை ரெண்டு பக்கத்த ஒருத்தர் வாங்கிப் படிக்கும்போது அது நின்ன மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.

வீட்டுக்காவல்

எல்லாரும் ஆபீஸ், ஆராய்ச்சின்னு பேசுறீங்க, நான் வேற பக்கத்துல இருந்து சொல்லட்டுமா. எங்கம்மாவ நான்தான் பாத்துக்கறேன், மறதி நோய். குளிப்பாட்டறது, மாத்திரை, துணி, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், இன்சூரன்ஸ்காரங்களோட போன்ல சண்டை, எல்லாத்துக்கும் லிஸ்ட் இருக்கு. ஆனா அவங்க பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டு அதே பழைய கதைய மறுபடி கேக்கறது எந்த லிஸ்ட்லயும் இல்ல. லிஸ்ட் எல்லாம் முடிச்சிட்டு உக்காரலாம்னு நெனச்சா லிஸ்ட் முடியவே முடியாது, அதுக்குள்ள அவங்க தூங்கிடுவாங்க.

இப்ப காலைல மாத்திரை குடுத்த உடனே உக்காந்துடறேன், அப்பதான் அவங்க தெளிவா இருப்பாங்க, துணி அப்புறம்தான். வீடு கலைஞ்சு கிடக்கும், வர்றவங்க பாத்துட்டு முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும். யார் வந்து "அம்மாகிட்ட இன்னைக்கு பேசினியா"ன்னு கேக்கப் போறாங்க, "துணி ஏன் மடிக்கல"ன்னு கேக்க பத்து பேர் இருக்காங்க. மெல்லநட போட்ட தலைப்பு என்னை அங்கதான் தொட்டுச்சு.

மெல்லநட

@வீட்டுக்காவல் அக்கா, இதுக்கு என்ன பதில் எழுதறதுன்னு தெரியல. அர்த்தமுள்ள வேலைன்னா ஏதோ பெருசா சாதிக்கிறதுன்னு இந்த இழை போயிடுமோன்னு ஒரு பயம் இருந்துச்சு. துணிய அப்புறம் வெச்சதுக்கு யார்கிட்டயும் விளக்கம் சொல்லாதீங்க.

அணித்தலை

நான் ஒரு டீம் லீட், இன்னொரு பக்கத்தையும் சொல்லணும்ல. ஆளுங்க பிஸியா ஓடுறதுக்கு எங்கள மாதிரி ஆளுங்க பாதி காரணம். மெசேஜுக்கு உடனே பதில் போடுறவர் கண்ணுக்குத் தெரியறாரு, மூணு மணி நேரம் சாட்ல பச்சை விளக்கு எரியாம ஒரு பழைய பிரச்சனைய அடியில தோண்டுறவர் தெரியறதில்ல. அப்ரைசல்ல யார் பேரு முதல்ல வாய்ல வரும்னு பாத்தா புரியும். சோஃபி லெரோய்ங்கற ஆய்வாளர் 2009ல எழுதினது ஒண்ணு, ஒரு வேலைய பாதில விட்டு அடுத்ததுக்குப் போனா கவனத்துல ஒரு பகுதி பழசுலயே தங்கிடுது, புதுசு சுமாரா வருதுன்னு. நாங்க "ரெண்டு நிமிஷம் ஃப்ரீயா"ன்னு கேக்கறப்ப ரெண்டு நிமிஷம் மட்டும் எடுக்கல.

வாரக் கூட்டத்துல நான் கேக்குற கேள்விய மாத்தினேன். முன்னாடி "எத்தன டிக்கெட் மூடினீங்க", டிக்கெட்னா எங்ககிட்ட பதிவாகுற புகார். இப்ப "இந்த வாரம் நீங்க செஞ்சதால எந்த டிக்கெட் இனிமே வராது". முதல்ல எல்லாரும் முழிச்சாங்க. அப்புறம் ஒருத்தர் பாஸ்வேர்ட் ரீசெட் பக்கத்துல இருந்த குழப்பமான ஒரு வரிய மாத்தினாரு, மாத்தி எழுதினது வெறும் ஆறு வார்த்தை. அந்த வகை புகார் பாதிக்கும் கீழ போச்சு. அவர் மூடின டிக்கெட் எண்ணிக்கையும் குறைஞ்சுது, பழைய கணக்குல பாத்தா அவர் வேலையே செய்யாத மாதிரி தெரிஞ்சிருக்கும்.

புதுவரவு

வேலைக்கு சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. எல்லாம் படிக்க நல்லா இருக்கு ஆனா எனக்கு அணித்தலை சார் மாதிரி லீட் இல்லயே. என் மேனேஜர் கேட்டா முடியாதுன்னு சொல்ல முடியாது. சொன்னா என் பேரு கெட்டுடும். என்ன பண்றது?

கணக்கேடு

முடியாதுன்னு சொல்லாதீங்க தம்பி. கைல இருக்கிறத எல்லாம் ஒரு தாள்ல எழுதி அவர் முன்னாடி வெச்சு, "இத எடுத்துக்கறேன் சார், இதுல எத தள்ளி வெக்கட்டும்"னு மட்டும் கேளுங்க. பல மேனேஜருங்களுக்கு நம்ம கைல என்ன இருக்குன்னே தெரியாது, வேணும்னு ஏத்தறதில்ல.

புதுவரவு

கேட்டுப் பாத்திருக்கேன் அக்கா. "எல்லாமே முக்கியம், ரெண்டையும் முடி"ன்னுதான் வரும்.

வரிசைஎண்

அப்ப ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தேதி போடுங்க, நெசமான தேதி, அவர சந்தோஷப்படுத்தற தேதி இல்ல. புது வேலை உள்ள வந்தா எந்த தேதி எவ்வளவு தள்ளுதுன்னு அதே தாள்ல அடிச்சு எழுதி அன்னைக்கே மெயில்ல அனுப்பிடுங்க, குறை சொல்ற தொனி வேணாம், வெறும் தேதி. எல்லாமே முக்கியம்னு வாயால சொல்றது சுலபம், பதினெட்டாம் தேதி இருபத்தஞ்சு ஆகறத கண்ணால பாத்தா அவரே ஒண்ண எடுத்து ஓரமா வெப்பாரு. வெக்கலன்னாலும் இருபத்தஞ்சாம் தேதி வரும்போது உங்க மேல பழி வராது. அப்புறம் அந்த தாள்ல ஒரு வரி உங்களுக்குன்னு இருக்கட்டும், நீங்க கத்துக்கணும்னு நெனைக்கிற வேலை, அதுக்கும் தேதி போடுங்க. அந்த தேதிய தள்ளினா அதையும் அடிச்சு எழுதுங்க.

புதுவரவு

சரிண்ணே. நாளைக்கு காலைல மெயில் தொறக்கறதுக்கு முன்னாடி அந்த தாள எழுதிடறேன். எனக்குன்னு போடற வரி டேட்டாபேஸ் பத்தினது, எங்க டீம்ல அது தெரிஞ்சவங்க ஒருத்தர்தான் இருக்காங்க, அவங்ககிட்டயே உக்காந்து கத்துக்க முடியுமான்னு கேக்கப் போறேன்.